கூலி நிர்ணயமும் சிதம்பரம் பிள்ளையும்

தொழிலாளிக்கு இவ்வளவுக்குக் குறையாமல் கூலி கொடுத்தாக வேண்டும் என்று சர்க்கார் விதிக்கலாமா, கூடாதா என்ற விவாதம் நம் நாட்டில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. 1948-ம் வருஷத்தில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 2019-ல் பார்லிமெண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு ஒன்றை நிறைவேற்றியது. ஆயினும் வாதம் பழைய வாதமே. கூலி என்பது கொடுப்பவனும் வாங்குபவனும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ள வேண்டிய விஷயம். சர்க்கார் வரியை வாங்கிக்கொண்டு கலகம் நேராமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் தலையிட்டால் தொழில் அழியும் என்று சொல்லும் கட்சியார் எக்காலத்திலும் உண்டு. இவர்கள் கேட்கும் சர்க்கார் ஒன்று நம் தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் இருக்கத்தான் செய்தது. அது கூலியில் தலையிடாத சர்க்கார் என்று தன்னைச் சொல்லிக்கொண்டது. அது உண்மையில் எப்படி நடந்துகொண்டது என்று தெரிந்துகொள்ள விரும்புவோர் 1908-ம் வருஷத்துத் தூத்துக்குடியையும், அவ்வூரில் வக்கீலாக இருந்த ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சரித்திரத்தையும் பார்க்க வேண்டும்.

பிள்ளையவர்கள் 1872-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி திருநெல்வேலி ஜில்லா ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை, வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். மகனும் பிளீடர் பரீட்சையில் தேறித் தந்தையின் தொழிலையே மேற்கொண்டார். ஏழைகளின் வழக்குகளை ஏற்று வாதாடுவதில் அவருக்கு விருப்பம் அதிகம். இதனால் ஊர்ப் போலீஸாருக்கு அவர் மீது பிரியம் இல்லாமற் போனதில் வியப்பில்லை. 1900-ம் வருஷத்தில் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அந்தத் துறைமுகத்தில் சர்க்காரின் கை படாத தொழில் எது? முத்துச் சலாபம் நடக்கும் வருஷங்களில், பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் உயிரைப் பணயம் வைத்துக் கடலடியிலிருந்து சிப்பி எடுத்து வருவார்கள். கரைக்கு வந்ததும் ஒவ்வொரு படகின் சிப்பியும் மூன்று கூறாகப் பிரிக்கப்படும். இரண்டு கூறு சர்க்காருக்கு. மிஞ்சிய ஒரு கூறு குளித்தவர்களுக்கும் படகுக்காரருக்கும். சர்க்கார் தன் பங்கை அன்று மாலையே ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போட்டுப் பணமாக்கிக் கொள்ளும். மூச்சை அடக்கி மூழ்கியவனுக்கு ஒரு பங்கு, கரையில் நின்று எண்ணியவருக்கு இரண்டு பங்கு. உழைப்பின் பலனில் எவருக்கு எவ்வளவு என்று நிர்ணயிப்பது சர்க்காரின் வேலையன்று என்ற சித்தாந்தம் இந்தக் கடற்கரையில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை போலும்.

உப்பின் கதையும் இதுவே. தூத்துக்குடியைச் சுற்றி உப்பளங்கள். வெயிலில் நின்று உப்பு வாருபவனின் தினக்கூலியைச் சர்க்கார் கேட்டதில்லை. ஆனால் அவன் வாரிய உப்பின் மீது 1903-ம் வருஷம் வரையில் மணங்கு ஒன்றுக்கு 2 ரூபாய் 8 அணா வரி விதித்தது. படிப்படியாகக் குறைந்து 1907-ல் 1 ரூபாயாயிற்று. அந்த வரியை உப்பு வாருபவனும் தன் கஞ்சிக்கு உப்பு வாங்கும்போது செலுத்தினான். அது அடியோடு நீங்கியது 1947-ல்தான்.

இத்தகைய ஊரில்தான் பிள்ளையவர்கள் சுதேசியத்தில் இறங்கினார். முதலில் கைத்தொழிலும் நெசவும் பண்டகசாலையுமாகத் தொடங்கிப் பின் கடலில் கை வைத்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுவதில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்குப் போட்டி இல்லாதிருந்த காலம் அது. அந்தக் கம்பெனி பிறந்து வளர்ந்ததே சர்க்கார் தபாலைக் கொண்டுசெல்லும் ஒப்பந்தத்தால் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1906-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவநத்தம் ஜமீன்தார் ஸ்ரீ பாண்டித்துரைத் தேவர் தலைவர்; பிள்ளையவர்கள் உதவிக் காரியதரிசி. வர்த்தகர் ஜனாப் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் தாம் ஒருவராகவே 8,000 பங்குகள், அதாவது 2 லட்சம் ரூபாய், கொடுத்தார். வாடகைக் கப்பல் கிடைக்காதபடி எதிரிகள் தடுக்கவே, காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் விலைக்கு வாங்கப்பெற்று 1907-ல் தூத்துக்குடி வந்து சேர்ந்தன.

உடனே கட்டணப் போர் மூண்டது. வெள்ளைக்காரக் கம்பெனி பிரயாணக் கட்டணத்தை இறக்கிக்கொண்டே போயிற்று. முடிவில் இலவசமாகவே ஏற்றி, போதாக்குறைக்கு ஆளுக்கு ஒரு குடையும் தர முன்வந்ததாகச் சரித்திரம் சொல்லுகிறது. நஷ்டத்துக்கு விற்று எதிரியைக் கொன்றபின் விலையை ஏற்றிக்கொள்ளும் இந்த முறையைத் தடுக்கச் சர்க்கார் விரலையும் அசைக்கவில்லை. வியாபாரத்தில் தலையிடுவதில்லை என்பது கொள்கை! அந்தக் கொள்கையை மீறி அதிகாரிகள் சாய்ந்தபோதெல்லாம் ஒரே பக்கமாகத்தான் சாய்ந்தார்கள் என்பது ஊரறிந்த செய்தி.

இவ்வளவும் வாசகர் பலர் அறிந்த கதை. கப்பலோட்டிய தமிழன் என்று நாடு அவரைக் கொண்டாடுவதும் இதற்காகவே. ஆனால் நம் விவாதத்துக்கு வேண்டிய கதை கப்பலில் இல்லை. கரையில் நின்ற பஞ்சாலையில் இருக்கிறது.

ஹார்வி சகோதரர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் தூத்துக்குடியில் நடத்திய நூற்பாலைக்குக் கோரல் மில் என்று பெயர். பொழுது விடிவதற்கு முன் ஆலைக்குள் சென்றவர்கள் பொழுது சாய்ந்த பிறகே வெளிவந்தார்கள். ஆண்களோடு சிறுவர்களும் அங்கே வேலை செய்தனர். தவறு செய்தவர்களுக்குப் பிரம்படி விழும். கூலியோ அற்பம். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பதும் கிடையாது.

இந்த ஓய்வு நாள் விஷயம் கவனிக்கத் தக்கது. 1891-ம் வருஷத்து இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பதை முன்பே எழுதி வைத்திருந்தது. விதிவிலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் கூடவே எழுதி வைத்திருந்தது என்பது வேறு. சட்டம் பிறந்து 17 வருஷங்கள் கழித்து அதே விடுமுறையைக் கேட்டு ஒரு பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்ததென்றால், அந்தச் சட்டம் எங்கே இருந்தது? கோட்டையில் இருந்தது, தூத்துக்குடியில் இல்லை. வளர்ந்த ஆணுக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்ற வரம்போ அப்போது ஏட்டிலும் இல்லை. பஞ்சாலைகளில் 12 மணி என்ற வரம்பு 1911-ம் வருஷத்துச் சட்டத்தில்தான் வந்தது.

1908 பிப்ரவரியில் பிள்ளையவர்களும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடிக் கடற்கரையில் நாள்தோறும் கூட்டம் கூட்டிப் பேசினார்கள். மில் தொழிலாளர் திரளாக வந்து கேட்டார்கள். அம்மாதம் 27-ந் தேதி தொழிலாளர் வேலையை நிறுத்தி வெளியே வந்தனர். கூலி உயர்வு, வாராந்தர விடுமுறை, அவசரத்துக்கு லீவு என்பவை கோரிக்கைகள். இதில் ராஜத்துரோகம் எங்கே இருக்கிறது என்று இன்று படிப்பவர் கேட்கலாம். அன்றைய அதிகாரிகளுக்கு அது தெரிந்தது. ஆயுதம் தாங்கிய போலீஸார் ஊருக்குள் வந்தனர். கூட்டங்களுக்குத் தடை விழுந்தது.

ஊர் தொழிலாளர் பக்கம் நின்றது. வக்கீல்களும் வியாபாரிகளும் பணமும் தானியமும் தந்தார்கள். சிலருக்கு ஊரிலேயே வேறு வேலை தேடிக் கொடுக்கப்பட்டது. கம்பெனிக்காகப் பேசியவர்களுக்குச் சவரம் செய்ய மறுத்த நாவிதர்களின் கதையைத் தூத்துக்குடியார் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நாள் ஆயிற்று. ஒருவரும் ஆலைக்குத் திரும்பவில்லை. மார்ச்சு மாதம் 6-ந் தேதி நிர்வாகம் இறங்கி வந்தது. கூலியை உயர்த்தவும், வேலை நேரத்தைக் குறைக்கவும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தரவும் சம்மதித்தது. மறுநாள் தொழிலாளர் வேலைக்குச் சென்றனர். மற்ற ஐரோப்பியக் கம்பெனிகளிலும் கூலியாட்களின் நிலை சற்றே உயர்ந்தது. கல்கத்தாவில் ஸ்ரீ அரவிந்தரின் வந்தே மாதரம் பத்திரிகை இந்த வெற்றியைப் போற்றி எழுதியது.

ஒன்பது நாளில் கொடுக்க முடிந்த கூலியை ஒன்பது நாளுக்கு முன் ஏன் கொடுக்க முடியவில்லை? கூலியைச் சந்தை நிர்ணயிக்கட்டும் என்பாரிடம் நாம் கேட்கும் கேள்வி இதுதான். அந்த ஒன்பது நாளில் பஞ்சின் விலை மாறவில்லை. நூலின் விலை மாறவில்லை. வரிச் சுமையும் மாறவில்லை. வரியைக் காரணம் காட்டவும் வழியில்லை. லங்காஷயர் முதலாளிகளின் திருப்திக்காக இந்திய மில் துணி மீது சர்க்கார் விதித்திருந்த நூற்றுக்கு மூன்றரை வீத உள்நாட்டு வரி அநியாய வரிதான். 1925 டிசம்பரில் நிறுத்தப்படும் வரையில் நம் தேசத்தார் அதை எதிர்த்தே வந்தனர். ஆனால் 1896 முதல் அது துணிக்கே உரியது, நூலுக்கு இல்லை. கோரல் மில்லில் நூற்றது நூல். மாறியது ஒன்றே ஒன்று. தனித்தனியாக நின்று பேரம் பேசிய தொழிலாளர், சேர்ந்து நின்று பேரம் பேசினார்கள். தனி ஆள் நாளைக்குக் கஞ்சி இல்லாமல் நிற்பவன். ஆலை ஒரு மாதம் மூடினாலும் பட்டினி கிடக்காது. இந்த இருவருக்கும் நடுவே நடப்பதைச் சுதந்திரமான பேரம் என்று சொல்வது சொல்லைப் பாழாக்குவதாகும்.

இதே காலத்தில் இதே சாம்ராஜ்யத்தின் வேறு மூலைகளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். நியூஸிலாந்தில் 1894-ல் தொழில் தகராறுகளுக்கு நடுத்தீர்ப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணம் 1896-லேயே சில தொழில்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கும் போர்டுகளை ஏற்படுத்தியது. பிரிட்டனிலோ, தையல், பெட்டி செய்தல் முதலிய நலிந்த தொழில்களுக்குக் கூலி விதிக்கும் சட்டம் 1909-ல் நிறைவேறியது; கொண்டுவந்தவர் மிஸ்டர் சர்ச்சில். ஆகவே கூலியில் தலையிடுவது அரசியல் சாஸ்திரத்துக்கே விரோதம் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. லண்டனில் தையற்காரிக்குக் கூலி வரம்பு கட்டிய சாம்ராஜ்யம், அதற்கு முந்திய வருஷம் தூத்துக்குடியில் நூற்பவனுக்கு அனுப்பியது துப்பாக்கி.

மில்லில் சமரசம் ஏற்பட்ட மூன்றாம் நாள், மார்ச்சு 9-ந் தேதி, ஸ்ரீ விபின சந்திர பாலரின் விடுதலையைப் பிள்ளையவர்கள் தடையை மீறித் திருநெல்வேலியில் கொண்டாடினார். கலெக்டர் வின்ச் அவரை அழைத்தார்; ஜில்லாவை விட்டுப் போக வேண்டும், அரசியலில் ஈடுபடலாகாது என்றார். பிள்ளையவர்கள் மறுத்தார். 12-ந் தேதி அவரும் சிவாவும் சிறைப்பட்டனர். 13-ந் தேதி திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன. முனிசிபல் ஆபீஸ், தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன் முதலியவை தீக்கிரையாயின. துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர். தீ வைத்ததை நாம் மெச்சவில்லை. ஆனால் தூத்துக்குடியில் நடந்த மற்றொன்றை மெச்சாமல் இருக்க முடியாது. சில நாள் முன்புதான் உயர்ந்த கூலியோடு ஆலைக்குள் சென்ற தொழிலாளர் மீண்டும் வெளியே வந்தார்கள். இம்முறை அவர்களுக்குக் கூலிக் கோரிக்கை இல்லை. தங்கள் தலைவரைச் சிறையிலிட்டதற்காக வந்தார்கள். லோகமான்ய திலகருக்காகப் பம்பாய்த் தொழிலாளர் அவ்வருஷம் ஜூலையில் செய்த பெரிய வேலைநிறுத்தத்துக்கு நான்கு மாதம் முந்தியது இது.

சர்க்காரின் பதில் என்ன? தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் தண்டப் போலீஸ் வைத்தார்கள். அதன் செலவை அவ்வூர் ஜனங்கள் தலையிலேயே வரியாகப் போட்டார்கள். கூலியை நிர்ணயிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்ற சர்க்காருக்கு, கூலி கேட்டவர்களைக் காவல் காக்கும் செலவை அவர்கள் ஊராரிடமே வசூலிக்க அதிகாரம் இருந்தது. சர்க்கார் என்றால் என்ன, வரி என்றால் என்ன என்று பாடம் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

விசாரணை விரைவில் முடிந்தது. ஜூலை 7-ந் தேதி ஜட்ஜ் பின்ஹே, ராஜத்துரோகத்துக்கு ஒரு ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்கு மற்றொரு ஆயுள் தண்டனை என்று தீர்ப்பளித்தார். அப்பீலில் ஹைகோர்ட்டு அதை 6 வருஷமாகக் குறைத்தது. கோயமுத்தூர்ச் சிறையில், மாடு இழுக்க வேண்டிய செக்கை வக்கீல் சிதம்பரம் பிள்ளை இழுத்தார். 1948-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் முதல் அட்டவணையில் எண்ணெய் ஆலை வேலையும் ஒன்று என்பதைப் படிக்கும்போது இந்தச் செக்கு நம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

1910 டிசம்பரில் அவரைக் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். சிறைவாசத்தின்போது தமிழ் நூல்களைக் கற்றார். ஆங்கில ஆசிரியர் ஜேம்ஸ் ஆலனை மொழிபெயர்த்தார். 1914-ல் வெளியான அவருடைய மெய்யறம் மாணவர், இல்வாழ்வார் என்று தொடங்கி அரசியலுக்கும் ஒரு பெரும் பகுதியை ஒதுக்குகிறது. அரசு எதற்காக இருக்கிறது என்ற கேள்வியைச் செக்கடியில் நின்ற மனிதர் விட்டுவிடவில்லை.

1912 டிசம்பரில் விடுதலையானபோது வரவேற்கக் கூட்டம் இல்லை, சிவா வந்திருந்தார். கப்பல் கம்பெனி 1911-லேயே கலைந்துவிட்டது. காலியா கப்பலை யாரை எதிர்த்து வாங்கினாரோ அந்தக் கம்பெனிக்கே விற்றிருந்தார்கள். பங்குதாரரிற் சிலர் அவருடைய அரசியலே கம்பெனியைக் கெடுத்தது என்றனர். வக்கீல் ஸன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் அரிசி, மண்ணெண்ணெய் விற்றுப் பிழைத்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று சேர்த்து ஸ்ரீ காந்தியிடம் கொடுத்த 347 ரூபாய் 12 அணா, பல கடிதங்களுக்குப் பிறகு 1916-ல் அவர் கைக்கு வந்தது.

பிள்ளையவர்கள் கோரல் மில்லில் கை வைத்தது தொழிலாளியின் மீதுள்ள அன்பாலன்று, வெள்ளைக்கார முதலாளியின் மீதுள்ள பகையால்தான் என்று சொல்வார் உண்டு. சுதேசி முதலாளியின் ஆலையாக இருந்தால் அவர் வேலைநிறுத்தம் செய்யச் சொல்லியிருப்பாரா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். 1908-ல் அவருக்கு அந்தச் சோதனை நேரவில்லை. அவ்வேலைநிறுத்தத்தில் அரசியல் நோக்கம் இருந்ததை மறைக்கவும் வேண்டுவதில்லை. ஆயினும் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பிற்பாடு, கையில் காசில்லாத நிலையிலும் அவர் ஸ்ரீ திரு. வி. கலியாணசுந்தர முதலியார் முதலியோருடன் தொழிலாளர் கூட்டங்களில் பேசினார். கோயமுத்தூரிலும் தொழிலாளர் சங்க வேலையில் ஈடுபட்டார். அப்போது அவருக்குக் கப்பல் இல்லை, கம்பெனி இல்லை, தோற்கடிக்க வேண்டிய ஹார்வியும் இல்லை.

சங்கம் போதும், சட்டம் வேண்டாம் என்று சொல்வோரும் 1908-ஐ மேற்கோள் காட்டலாம். சட்டம் ஏதும் இல்லாமல்தானே வென்றார்கள் என்பார்கள். அந்த வெற்றிக்குத் தலைமை தாங்கியவர் மறுவாரமே சிறையில் இருந்தார். ஒரு மனிதரைப் பூட்டினால் ஆட்டங்காணக்கூடிய கூலி, நிலையான கூலி ஆகாது. சட்டம் போதும், சங்கம் வேண்டாம் என்போருக்கோ 1891-ம் வருஷத்து விடுமுறை இருக்கிறது. 17 வருஷம் ஏட்டில் தூங்கியதை ஒன்பது நாளில் எழுப்பியது சங்கம் என்ற பெயர்கூட இல்லாத ஒரு சேர்க்கை.

1920-ல் கல்கத்தாக் காங்கிரசில் ஒத்துழையாமைத் தீர்மானம் நிறைவேறியதும், அந்த வழி தமக்கு உடன்பாடில்லை என்று பிள்ளையவர்கள் காங்கிரசினின்றும் விலகினார். ஜட்ஜ் வாலேஸ் தயவால் வக்கீல் தொழில் திரும்பக் கிடைத்தது; அந்த நன்றிக்காக ஒரு மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். வெள்ளைக்காரர் என்பதற்காக ஒருவரைப் பகைத்தவர் அல்லர் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? 1927-ல் சேலம் ராஜீய மகாநாட்டுக்குத் தலைமை வகித்தார். பின்னர் கோவில்பட்டியில் சில காலம் வக்கீலாக இருந்து, 1932-ல் மறுபடியும் தூத்துக்குடிக்கே வந்தார். வழக்குகள் அதிகம் இல்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையைப் பதிப்பிப்பதில் பொழுது போயிற்று.

1936-ம் வருஷம் நவம்பர் மாதம் 18-ந் தேதி, தம் விருப்பப்படி தூத்துக்குடிக் காங்கிரஸ் ஆபீசுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே உயிர் நீத்தார். கோரல் மில் அப்போதும் நூற்றுக்கொண்டிருந்தது. 10 லட்சம் ரூபாய் மூலதனத்தில் கம்பெனி நடத்திய அவர் எழுதி வைத்த உயிலில், ஜவுளிக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் தாம் கொடுக்க வேண்டிய சில்லறைப் பாக்கிகளைக் குறித்திருந்தார்.